யாரை முதலில் பார்ப்பது?

காலை ஏழரை மணி. இரவு டியூட்டி சிஸ்டர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். காய்ச்சல் வார்டில் நான்கு பேர் இனி உங்கள் கையில்.

ஒன்றாம் படுக்கையில் நாற்பது வயதுக்காரர். டெங்கு, மூன்றாம் நாள். காய்ச்சல் 102, தட்டணு 40,000. இரத்தக் கசிவு எதுவும் இல்லை, கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடிக்கிறார். இரண்டாம் படுக்கையில் ஆறு வயதுப் பையன். காய்ச்சல் 103, அழுது வார்டையே கூட்டுகிறான். மூன்றாம் படுக்கையில் இருபத்து நான்கு வயதுப் பெண். டெங்கு, ஐந்தாம் நாள், தட்டணு 90,000. காய்ச்சல் நேற்றிரவே இறங்கிவிட்டது. விடியற்காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி, வயிற்று வலி. "காய்ச்சல்தான் விட்டுட்டே சிஸ்டர், வீட்டுக்கு அனுப்பிருங்க" என்கிறார். நான்காம் படுக்கைக்காரர் டிஸ்சார்ஜ் சீட்டுக்காகப் பையைக் கட்டி வைத்திருக்கிறார். அவருடைய மகன் உங்களைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்.

யாரிடம் முதலில் போவீர்கள்?

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், வண்ணார்பேட்டைப் பக்கத்து விடுதி அறைகளில் டியூட்டி முடிந்து வந்த செவிலியர்கள் செல்போனை வைத்துக்கொண்டு பயிற்சி செய்வது இந்த வகைக் கேள்விகளைத்தான். சிலருக்கு இலக்கு அமெரிக்காவின் என்கிளெக்ஸ். சிலருக்கு வளைகுடா நாடுகளின் புரோமெட்ரிக். இன்னும் சிலருக்கு எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட், அல்லது தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு. தேர்வின் பெயரும் ஊரும் மாறினாலும் 'யாரை முதலில் பார்ப்பது, எதை முதலில் செய்வது' என்கிற கேள்வி எல்லாவற்றிலும் வருகிறது. சில தேர்வுகளில் கூடுதலாக, சிலவற்றில் குறைவாக.

விடைக்கு வருவோம். போக வேண்டியது மூன்றாம் படுக்கைக்கு.

எண்களை மட்டும் பார்த்தால் ஒன்றாம் படுக்கையை நோக்கித்தான் கால் போகும். 40,000 என்ற எண்ணுக்கு அந்தப் பயம் உண்டு. டெங்குக் காலம் வந்தால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு தட்டணுக் கணக்குதான் பேச்சு. ஆனால் டெங்குவில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல. காய்ச்சல் இறங்குகிற வேளையில், ஏறக்குறைய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, நுண் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ஒன்று இரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கசிவில் இரத்தம் கெட்டிப்படும், சுற்றோட்டம் தளரும். தொடர்ந்த வாந்தியும் வயிற்று வலியும் அதற்கான எச்சரிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வீட்டுக்குப் போகிறேன் என்கிற பெண்தான் அந்த வார்டில் ஆபத்தின் விளிம்பில் இருப்பவர்.

கேள்வி இதோடு முடிவதில்லை. அடுத்த திரையில் அவருடைய இரத்த அழுத்தம் வருகிறது: 100/84. மேல் எண் நூறு இருக்கிறதே என்று நிம்மதியாக நகர்கிறவர் ஏமாந்துபோவார். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 16. அது இருபதோ அதற்குக் கீழோ ஆகிவிட்டால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். கையைத் தொட்டால் சில்லென்றிருக்கும். விரல் நுனியை அழுத்தி விட்டால் இரத்த ஓட்டம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். உடனே டாக்டருக்குச் சொல்லி, நரம்பு வழியே நீர் ஏற்றத் தொடங்கி, கால் மணிக்கு ஒருமுறை நாடியையும் அழுத்தத்தையும் பார்த்து, சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். வலிக்குத் தசையில் ஊசி போடக் கூடாது. எத்தனை வீட்டில் 'ஒரு ஊசியாவது போடுங்க' என்று கேட்டிருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிக்கு இது கற்பனைக் கணக்கு அல்ல. 2012-இல் கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு பரவியபோது (கடையநல்லூர் அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்தது, தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்) மருத்துவமனை வார்டுகள் நிரம்பி வழிந்தன. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அப்போது ஒவ்வொரு வார்டிலும் எந்தப் படுக்கைக்கு முதலில் போவது என்பதை ஒவ்வொரு டியூட்டியிலும் முடிவு செய்தவர் அங்கே நின்ற செவிலியர்தான்.

நாலில் ஒன்று, நாலும் சரி

செவிலியர் தேர்வு என்றால் ஒரு காலத்தில் நம் மனதில் இருந்தது மனப்பாடம். இயல்பான நாடித்துடிப்பு எத்தனை, இன்சுலின் எங்கே சுரக்கிறது, கிருமிநீக்க வெப்பம் எவ்வளவு. இவற்றைத் தெரியாமல் யாரும் செவிலியர் ஆக முடியாது. ஆனால் இவை தெரிந்தவரெல்லாம் வார்டில் சரியாக முடிவெடுத்துவிடுவார் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, படித்து முடித்து வேலைக்கு வந்த 5,000-க்கும் மேற்பட்ட புதிய செவிலியரைச் சோதித்தது. நோயாளியின் சிக்கலைக் கண்டுபிடித்துக் கையாளும் திறன் தொடக்க நிலைக்குத் தேவையான அளவுக்கு இருந்தது 23 சதவீதம் பேருக்கு மட்டும்தான். அத்தனை பேரும் தேர்வில் தேறியவர்கள்.

என்கிளெக்ஸ் மாறியதன் பின்னணி இதுதான். 1994-இலிருந்து அது கணினித் தேர்வு. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். 85 கேள்வியிலும் நிற்கலாம், 150 வரையும் போகலாம். எழுதுபவரின் தகுதி பற்றிக் கணினிக்கு 95 சதவீத உறுதி வந்ததும் திரை அணைந்துவிடும். கெட்டிக்காரரும் பாதிக் கேள்வியில் தடுமாறத்தான் செய்வார், ஏனென்றால் கணினி அவரைத் தடுமாறுகிற இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. வெளியே வந்து அழுதவர்கள் தேறியிருப்பதும், சிரித்துக்கொண்டு வந்தவர்கள் தவறுவதும் அதனால்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் அதில் புது வகைக் கேள்விகள் சேர்ந்தன. ஒரே நோயாளியின் கதை ஆறு கேள்விகளாக விரியும். எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அதன் பொருள் என்ன, இருக்கும் சாத்தியங்களில் எது அவசரமானது, என்னென்ன செய்யலாம், முதலில் எதைச் செய்வது, செய்தது பலித்ததா. நம் டெங்குப் பெண்ணின் கதையில் பார்த்தது இந்த வரிசையைத்தான். 'பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடு' என்கிற கேள்விக்கு இப்போது பாதி சரிக்குப் பாதி மதிப்பெண்ணும் உண்டு. முன்பு ஒன்று தவறினால் எல்லாம் போச்சு.

அமெரிக்காவில் படித்து முதல்முறை இதை எழுதுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குத் தேறுகிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்களில் தேறுவது பாதிப்பேருக்குச் சற்று முன்பின். நம்மவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலம் ஒரு பகுதிதான். ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல தரம் வாங்கியவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். சறுக்குகிற இடங்களை உற்றுப் பார்த்தால் நம் ஆஸ்பத்திரிகளின் பழக்கவழக்கம் அங்கே தெரியும்.

டாக்டரைக் கூப்பிடுங்க

முதல் சறுக்கல்: 'மருத்துவருக்குத் தகவல் சொல்' என்கிற விடை. நான்கு விடைகளில் அது இருந்தால் நம் விரல் தானாக அங்கே போகும். வார்டில் நாம் பழகியது அப்படி. கேள்வி எழுதியவர் எதிர்பார்ப்பது வேறு. நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது என்றால் முதலில் தலைமாட்டை உயர்த்து, ஆக்சிஜன் அளவைப் பார், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார். அதற்குப் பிறகு கூப்பிடு. கூப்பிடும்போது சொல்வதற்கு உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதே சமயம், சொல்லப்பட்ட விவரமே அதிர்ச்சி நிலையைக் காட்டிவிட்டால் 'மேலும் ஆராய்' என்று போய் உட்காருவது தவறு. இரண்டுக்கும் நடுவிலான கோட்டை எந்தச் சூத்திரமும் வரைந்து தராது. மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசை உதவும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது, வேலையைப் பகிர்வது. எந்த வேலையை உதவியாளரிடம் விடலாம், எதை விடக் கூடாது என்று அமெரிக்கக் கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கும். அங்கே பதிவு பெற்ற செவிலியர், அவருக்குக் கீழே உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், அவருக்குக் கீழே உதவியாளர் என்று படிநிலை உண்டு. நம் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கையைச் சரிசெய்வது, சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் துணைக்கு வந்த மகளோ மருமகளோதான். டிரிப் பாட்டில் தீரப்போகிறது என்று வந்து சொல்வதும் அவர்களே. இந்த வழக்கத்தில் வளர்ந்த செவிலியருக்குப் பகிர்வுக் கேள்வி கஷ்டமாக இருப்பதில் வியப்பில்லை. நிலையான நோயாளியின் வழக்கமான வேலையைப் பகிரலாம். மதிப்பிடுவதையும் கற்பிப்பதையும் முடிவெடுப்பதையும் பகிரக் கூடாது. இந்த ஒரு வரி புரிந்தால் பெரும்பாலான பகிர்வுக் கேள்விகள் வசப்படும்.

மூன்றாவது, நோயாளி சொல்வதைப் பாடப்புத்தகம் சொல்கிறபடி எதிர்பார்ப்பது. பயிற்சிக் கேள்வியில் வருகிற மாரடைப்புக்காரருக்கு நெஞ்சில் பாறை வைத்ததுபோல வலி, இடது கைக்குப் பரவும். மேலப்பாளையத்திலிருந்தோ மானூரிலிருந்தோ வருகிற, பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ள ஐம்பத்தெட்டு வயது அம்மா அப்படிச் சொல்வாரா? "நெஞ்சு லேசா கரிக்கு தாயி, ராத்திரி பிந்தித் தின்னேன்லா, அதான்" என்பார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். ஜெலூசில் கொடுத்து உட்கார வைக்கத் தோன்றும். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியில்லாமலே வரலாம் என்பதை அறிந்தவர், வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிடுவார்.

வாழைத்தோட்டத்துக் கேள்வி

தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக ஸ்ரீவைகுண்டம் வரை நெல்லும் வாழையும்தான் பிழைப்பு. வயலில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குப் பாம்பு பழகிய எதிரி. சந்தையில் விற்கும் அமெரிக்கக் கேள்வி வங்கிகளில் பாம்புக்கடி அபூர்வம். வந்தாலும் அந்த நாட்டுக் கிலுகிலுப்பை விரியன். நம் ஊர்க் கேள்வி ஒன்றை நானே எழுதிப் பார்க்கிறேன்.

இரவு வாழைக்குத் தண்ணீர் கட்டப் போய், அங்கேயே தரையில் துண்டை விரித்துத் தூங்கியவர். அதிகாலையில் வயிற்று வலியோடு எழுந்திருக்கிறார். கடித்த தடம் எதுவும் இல்லை. காலில் ஏதோ ஊர்ந்ததுபோல இருந்தது என்று சந்தேகப்பட்டு, உறவினர் முழங்காலுக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். கால் வீங்கவில்லை. வாந்தி ஒரு தடவை. பேசும்போது கண் இமையைத் தூக்கச் சிரமப்படுகிறார். இதில் உங்களை ஓட வைக்க வேண்டிய அறிகுறி எது? கயிற்றை உடனே அவிழ்ப்பீர்களா?

இமைதான். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமும் இருக்காது, தடமும் பெரும்பாலும் தெரியாது. வயிற்று வலியாகத் தொடங்கும். இமை தொங்குவது நரம்பை நஞ்சு தொட்டதற்கான முதல் அடையாளம். அடுத்து விழுங்க முடியாமல் போகும், அதற்கடுத்து மூச்சு. எனவே மூச்சுக்கு உதவும் பொருள்களைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதும், பாம்பு நஞ்சுமுறி மருந்துக்கு ஏற்பாடு செய்வதும், அந்த மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்பதால் அட்ரினலினை ஊசியில் எடுத்து வைப்பதும் அவசரம். இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை தேவை. அந்தக் கண்ணாடிக் குழாயை இருபது நிமிடமும் யாரும் ஆட்டிப் பார்க்கக் கூடாது. கயிற்றைச் சட்டென்று அவிழ்ப்பதுதான் பலருக்கும் தோன்றும் முதல் செயல், ஆனால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பரவி மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. மூச்சுக்கு ஆதரவும் மருத்துவரும் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எழுத எனக்கு எந்த வெளிநாட்டுப் புத்தகமும் தேவைப்படவில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று ஊரார் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (கல்லூரி தொடங்கியது 1965) மேற்கே மலையடிவாரத்திலிருந்து கிழக்கே தேரிக்காடு வரையுள்ள நோயாளிகளுக்குக் கடைசிப் புகலிடம். அங்கே ஒரு மாதம் நிற்கும் மாணவி பார்ப்பதைக் கேள்வியாக மாற்றினால் நூறு கேள்வி தேறும்.

செவிலியர் கல்வியில் நாம் பின்தங்கிய ஊர்க்காரர்களும் அல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871-இல். இங்கே நாசரேத்தில் தூய லூக்கா மருத்துவமனை 1870-இலேயே தொடங்கிவிட்டது. 1901 முதல் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் நடத்திய இல்லம் பின்னாளில் ஒரு மருத்துவமனையையும் கட்டியது. மற்ற வீடுகள் 'அடுத்தவர் உடம்பைத் தொடும் வேலை' என்று முகம் சுளித்தபோது மிஷன் பள்ளிகளில் படித்த நெல்லைப் பெண்கள் இந்தத் தொழிலுக்குப் போனார்கள். 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் கொண்டுவந்தது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பட்டப்படிப்பே வந்துவிட்டது. கல்வி வளர்ந்தது. முடிவெடுக்கும் உரிமை அதே வேகத்தில் வளரவில்லை என்பதுதான் என் குறை.

எப்படிப் பழகுவது

பயிற்சிக் கேள்வியைப் பற்றி ஒரு பொதுத் தவறு உண்டு: எண்ணிக்கை. ஒரு நாளைக்கு இருநூறு போட்டேன், முந்நூறு போட்டேன் என்பது பெருமைப் பேச்சு. இருநூறு கேள்விக்குப் பதில் சொல்லி, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் படுப்பவரைவிட, முப்பது கேள்வி போட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ள விளக்கத்தைப் படிப்பவர் மேலே போவார். சரியான விடை ஏன் சரி என்பதைவிட மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதில்தான் பாடம் இருக்கிறது. இன்னொன்று: தவறான விடைகளில் ஒன்று எந்தச் சூழ்நிலையில் சரியாகும் என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்கத் தொடங்கியவர் கேள்வி எழுதுபவரின் மூளைக்குள் நுழைந்துவிட்டார்.

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது அதிக நாள் தங்கும் என்று ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர் முந்துகிறார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தன்னைச் சோதித்துக்கொண்டவர் முந்துகிறார். இரவு டியூட்டிக்கும் பகல் தூக்கத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைப்பவருக்கு இது நல்ல செய்தி.

'ரீகால்' என்ற பெயரில் போன மாதம் வந்த கேள்விகள் என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேர்வு எழுதுபவர் கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார். விற்பதும் வாங்குவதும் உரிமத்துக்கே வேட்டு. தவிர, ஆளுக்கு ஆள் கேள்வி மாறும் தேர்வில் அது பயனும் இல்லை. காசு வீண்.

தாளில் பழகியதை வார்டில் பழகுவதுதான் கடினம். கேள்வியில் நான்கு நோயாளிகள். நிஜத்தில் எத்தனை? பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். எந்த அரசு மருத்துவமனையின் இரவு வார்டுக்குள்ளும் நுழைந்து எண்ணிப் பாருங்கள். லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் தெரிந்தது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நாற்பது பேருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு 'ஏன் கவனிக்கவில்லை' என்று அவரைக் கேட்பது நியாயம் இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். துணை நிலையங்களில் பெரும்பாலான நேரம் மருத்துவர் இருக்கமாட்டார். இது மாரடைப்பா, வாயுவா என்று முதலில் எடைபோட வேண்டியவர் அங்கே உள்ள செவிலியர்தான். கிராமத்தில் அந்தப் பொறுப்பைக் கொடுத்த அரசு, அதே அறிவைத் தேர்விலும் கேட்க வேண்டும் அல்லவா?

மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் நினைவைச் சோதிக்கும் கேள்விகளுக்கு இன்னும் அதிக இடம் இருக்கிறது. இந்திய செவிலியர் குழுமம் 2021-இல் அறிவித்த புதிய பாடத்திட்டம் எட்டு செமஸ்டராகவும் திறன் அடிப்படையிலும் மாறிவிட்டது. அதைப் படித்து வருபவரிடம் பழைய கேள்வியைக் கேட்பதில் பொருளில்லை. ஒவ்வொரு தாளிலும் மூன்றில் ஒரு பங்காவது நோயாளியின் நிலையைச் சொல்லி முடிவைக் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும். டெங்கு, பாம்புக்கடி, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு, சர்க்கரை தாழ்ந்து மயங்குவது என்று நம் வார்டில் இருப்பதைக் கேட்கட்டும். பயிற்சி மையங்கள் தானாக அந்த வழிக்கு வந்துவிடும், ஏனென்றால் அவை தேர்வைத்தான் பின்தொடர்கின்றன.

நெல்லையின் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வாரம் ஒரு கேள்வி எழுதுங்கள். நோயாளியின் அடையாளத்தை மறைத்து, அவர் சொன்ன சொல்லை அப்படியே வைத்து, நான்கு விடையும் நான்குக்கும் விளக்கமும் எழுதுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஓராண்டில் ஒரு கல்லூரிக்கு ஐம்பது கேள்வி சேரும். பத்துக் கல்லூரி சேர்ந்தால் ஐந்நூறு. அதை விலையில்லாமல் மாணவிகளுக்குக் கொடுங்கள்.